காட்சிக்கு வைத்த பெட்டி

அத்தியாயம் 14

ஐம்பத்தொன்பது மணி நேரம்.

புதன்கிழமை இரவு எட்டரைக்குப் பட்டாணிக்குக் கண்ணுக்கொரு சொட்டு மருந்து விட்டாள் பெரியவள். இப்போது சனிக்கிழமை காலை ஏழரை. இதற்கிடையில் சின்னவள் அவளிடம் பேசியது மூன்றே மூன்று வாக்கியம். அதில் இரண்டு, "கொஞ்சம் தள்ளுங்க." மூன்றாவது, "என் பொண்ணு கண்ணுல எதை ஊத்துனீங்க?"

இந்த வீட்டுக்குள் இன்றுதான் காலெடுத்து வைப்பவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். பெரியவளும் சின்னவளும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே கூரைக்குக் கீழே வந்தவர்கள். பெரியவள் கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிப்பவள். அவள் கணவன் பெரியவனுக்கு வீட்டுச் சாமான் கடை. சின்னவன் கப்பல் வேலைக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. அவன் போன நாளிலிருந்து, தனக்காகப் பேச ஆளில்லை என்று இந்த வீடு நினைத்துக்கொண்டிருப்பதாகச் சின்னவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய நான்கு வயது மகள்தான் பட்டாணி.

பட்டாணி இப்போது சமையலறை மேசைமேல் உட்கார்ந்திருந்தாள். கண்கள் இறுக மூடியிருந்தன. இமை ஓரத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"கண்ணத் திற, தங்கம்."

"மாட்டேன். உள்ள மண்ணு."

சின்னவள் ஈரத்துணியை மடித்து மகளின் கண்மேல் வைத்தாள். பெரியவள் ஓரடி முன்னால் வந்ததும் குழந்தையை அப்படியே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு நின்னா குழந்தை கண்ணு தானா தொறந்துக்குமா?"

"நான் யாரையும் எதுவும் சொல்லல அத்தை. புதன்கிழமை வரைக்கும் நல்லா இருந்த கண்ணு. அதைத்தான் சொல்றேன்."

"சொல்லலைன்னு சொல்லிச் சொல்லியே சொல்லிடு நீ."

பெரியவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள். "அது சாதாரண அலர்ஜி மருந்து. ஒரு தடவைதான் விட்டேன். மறுநாளே நீ பாட்டிலைக் குப்பையில போட்டுட்ட. அப்புறமும் ஏன் தினம் காலையில கூடுது, சாயங்காலம் குறையுது?"

"அது உங்களுக்குத்தான் தெரியும். நீங்கதானே ஆஸ்பத்திரிக்காரங்க."

பெரியவள் மேசையைப் பிடித்தாள். மேசை ஆடவில்லை. முன்பு ஆடும்; பெரியவன்தான் ஓர் அட்டையை நாலாய் மடித்து ஒரு காலுக்கடியில் சொருகி வைத்திருந்தான்.

அந்தச் சமையலறையில் முழுசாக இருந்தது எதுவும் கிடையாது. ஃபிரிட்ஜின் விலாவில் ஒரு நெளிவு. மின்விசிறிக்கு மூன்று இறக்கையில் ஒன்று வேறு நிறம். மிக்ஸியின் நெற்றியில் 'விற்பனைக்கு அல்ல' என்ற ஸ்டிக்கர் பாதி உரிந்த நிலையில் நாலு வருஷமாக இருக்கிறது. எல்லாம் கடையில் காட்சிக்கு நின்று களைத்துப்போன சாமான்கள். வாங்க வருகிறவருக்குப் பிரிக்காத பெட்டி, சொந்தக்காரருக்கு டெமோ பீஸ். பெரியவன் இதை ஒரு சட்டமாகவே வைத்திருந்தான்.

"ரெண்டு பேரும் கிளம்புங்க," என்றாள் மாமியார். "இவ ஆஸ்பத்திரியிலயே டாக்டர்கிட்டக் காட்டுங்க. இல்லன்னா நான் தூக்கிட்டுப் போறேன், எனக்கு ரோட்டைத் தாண்டத் தெரியாது, அதையும் பாத்துக்குங்க."

வாசலில் வண்டிக்குக் காத்திருந்தபோது பெரியவளின் ஃபோன் அடித்தது. அவள் அப்பா. பன்னிரண்டு நாளைக்கு முன் அவள் ஆஸ்பத்திரியில்தான் அவருக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இப்போது அவளுடைய தம்பி வீட்டில் இருக்கிறார், பஸ்ஸில் போனால் நாலு மணி நேரம்.

"கண்ணு எப்படிப்பா இருக்கு?"

"பார்வை பளிச்சுன்னு இருக்கும்மா. ஆனா நாலஞ்சு நாளா மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்துது."

"ஆப்பரேஷன் பண்ணா கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். கையால தேய்க்காதீங்க."

"ஆப்பரேஷன் பண்ணது ஒரு கண்ணுதானே? இது ரெண்டுலயும்ல உறுத்துது?"

"ஒண்ணு உறுத்துனா இன்னொண்ணும் கலங்கும்ப்பா."

"என்னமோ போ. ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வந்து பாத்துட்டுப் போனாருல்ல, அதுல இருந்து இந்த ரூமே..."

வண்டி வந்து ஹாரன் அடித்தது. சின்னவள் குழந்தையோடு ஏறிக் கதவை அடைக்கப் போனாள்.

"அப்புறம் பேசறேம்ப்பா," என்று வைத்துவிட்டாள் பெரியவள்.

*

டாக்டரம்மா அதிகம் பேசமாட்டார். மஞ்சள் சாயம் தோய்ந்த மெல்லிய தாள் துண்டைப் பட்டாணியின் கீழிமையில் ஒற்றி எடுத்துவிட்டு, கருவி வழியே வெகுநேரம் பார்த்தார். பட்டாணி அம்மாவின் விரலைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

"கருவிழி மேல்தோல் புள்ளி புள்ளியா உரிஞ்சிருக்கு. ரெண்டு கண்ணுலயும் ஒரே மாதிரி."

ரெண்டு கண்ணுலயும். அந்தச் சொல் பெரியவளின் மனதில் எதையோ உரசிவிட்டுப் போனது. என்னவென்று பிடிப்பதற்குள் டாக்டரம்மா அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"வீட்ல யாருக்காவது வெல்டிங் வேலையா?"

"இல்லையே டாக்டர்."

"பக்கத்துல கட்டடம் கட்டுறாங்களா? ஜன்னல் வழியா வேடிக்கை பாத்தாளா?"

"இல்ல," என்றாள் சின்னவள். பிறகு ஓரக்கண்ணால் பெரியவளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "சொட்டு மருந்து ஒத்துக்கலன்னா இப்படி ஆகுமா?"

"அந்த மருந்தா? ஆகாது. ஒத்துக்கலன்னாலும் நிறுத்துனதும் வடிஞ்சிடும். இது பழசு ஆறுறதுக்குள்ள புதுசா பட்டுக்கிட்டே இருக்கு. வெல்டிங் வெளிச்சத்தைப் பாத்தவங்களுக்குத்தான் இப்படி வரும். பாக்கும்போது ஒண்ணும் தெரியாது. பல மணி நேரம் கழிச்சு மண்ணு விழுந்த மாதிரி உறுத்தும்." டாக்டரம்மா குழந்தையின் முகத்தைத் திருப்பினார். "இந்தக் கன்னம் எப்போ சிவந்துச்சு?"

இடது கன்னம் மட்டும் வெயிலில் காய்ந்ததுபோல் சிவந்து, மூக்கோரம் லேசாக உரிந்திருந்தது. வலது கன்னம் வெண்ணெய் மாதிரி இருந்தது.

"எதுல படுதுன்னு கண்டுபிடிங்க. அதை நிறுத்துனா ரெண்டு மூணு நாள்ல ஆறிடும். நிறுத்தலன்னா, சின்னக் கண்ணு, நான் எந்த உத்தரவாதமும் குடுக்க மாட்டேன்."

வெளியே வந்ததும் சின்னவள் நின்றாள்.

"உங்க டாக்டர் உங்களுக்கு எதிராவா பேசுவாங்க?"

இது ஆறாவது வாக்கியம். பெரியவள் எண்ணிக்கொண்டாள்.

*

திரும்பும் வழியெல்லாம் அந்த இடது கன்னம் அவளை விடவில்லை. வெயில் என்றால் இரண்டு கன்னமும் சிவக்கும். சோப்பு என்றாலும் அப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் என்றால், குழந்தை ஒரே பக்கமாக அசையாமல் இருக்கும் நேரம். தூங்கும் நேரம்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிய வேகத்தில் சின்னவளின் அறைக்குள் போனாள். ஒரு கட்டில், ஒரு அலமாரி. கட்டிலின் தலைமாட்டில், இடது பக்கம் ஒரு ஸ்டூல். ஸ்டூல்மேல் வெள்ளையாக, பால் டப்பாவைப் பெரிதாக்கியதுபோல் ஒரு காத்துப் பெட்டி.

பட்டாணிக்கு இருமல் விடவில்லை, தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று போன மாதம் பெரியவன் கொண்டுவந்து கொடுத்த ஏர் ப்யூரிஃபையர் அது. வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையாததால் காத்துப் பெட்டி ஆகிவிட்டது.

"இங்க என்ன தேடுறீங்க?" சின்னவள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"இது அலமாரி மேல இருந்துச்சே?"

"இருந்துச்சு. இவ பக்கத்துல வேணும்னு கேட்டா, எடுத்து வெச்சேன். அதுல என்ன தப்பு?"

"நீலப்பூச்சி அதுக்குள்ளதான் இருக்கு பெரியம்மா," என்றாள் பட்டாணி, கண்ணைத் திறக்காமலே. "நான் தூங்குற வரைக்கும் பாத்துட்டே இருப்பேன். அது என்னையே பாக்கும்."

"என்னைக்கு எடுத்து வெச்ச?"

"புதன்கிழமை." சின்னவளுக்கு எரிச்சல் வந்தது. "நீங்க மருந்து ஊத்திட்டுப் போனதும் கண்ணு கரிக்குதுன்னு அழுதா. சமாதானப்படுத்த எடுத்து வெச்சேன். போதுமா?"

அன்றைக்கு மாறியது ஒன்றல்ல, இரண்டு.

"நீ எந்தப் பக்கம் திரும்பிப் படுப்ப?"

"இதென்ன கேள்வி? எனக்கு வெளிச்சம் ஆகாது. அந்தப் பக்கம் திரும்பித்தான்." சொல்லிக்கொண்டே சின்னவள் பின்கழுத்தைச் சொறிந்தாள். தலைமுடியைக் கொண்டையாகத் தூக்கிச் செருகியிருந்தாள். கழுத்துக்குக் கீழே, ரவிக்கை விளிம்பு வரைக்கும் கோடு போட்டதுபோல் சிவப்பு.

ஆதாரம் கையில் வராமல் வாயைத் திறந்தால் அதுவும் தன் தலையில்தான் விடியும் என்று பெரியவளுக்குத் தெரியும். சின்னவள் குழந்தைக்கு உணவு ஊட்டக் கூட்டிப்போகும்வரை காத்திருந்தாள். பிறகு பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டியின் முன்மூடியைக் கழற்றினாள்.

மூடியின் உட்புறத்தில் ஒரு படம் ஒட்டியிருந்தது. முன்னால் தூசி வடிகட்டி, அதற்குப் பின் ஒரு கறுப்புத் தட்டு, தட்டுக்குப் பின்னால் கிருமி கொல்லும் விளக்கு. கீழே எச்சரிக்கை: தட்டு இல்லாமல் விளக்கு எரியாது, எரியும் விளக்கைக் கண்ணால் பார்க்கக் கூடாது.

கறுப்புத் தட்டைக் காணவில்லை. விளக்குக் குழாய் சும்மா நின்றது, மூடியின் இடுக்குகளுக்கு நேராக.

தட்டு இல்லாமல் விளக்கு எரியாது என்றால் இது எப்படி எரிந்தது? விரலால் ஓரத்தைத் தடவினாள். தட்டு வந்து அழுத்தவேண்டிய இடத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச். அதை எதுவோ ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருந்தது. கறுப்பு டேப். டேப்பை உரித்தாள். உள்ளே ஓர் அட்டை.

நாலாய் மடித்த அட்டை.

அதைப் பிரித்துப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பிரித்தாள். கடையின் பெயரும் கணவனின் பெயரும் நடுவில் மடிப்பு விழுந்து கிடந்தன.

*

பெரியவன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது அவள் துணி துவைக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவனை அங்கேயே கூப்பிட்டாள். உள்ளங்கையைத் திறந்து காட்டினாள்.

அவன் என்ன ஏது என்று கேட்கவில்லை. அவளுக்கு அதுவே பாதி பதிலாகிவிட்டது.

"டெமோ பீஸா?"

"மெதுவாப் பேசு."

"தட்டை எதுக்குக் கழட்டுனீங்க?"

"ஆளுங்க நம்ப மாட்டேங்குறாங்க. உள்ள லைட்டு எரியுதுங்கன்னா, எங்க காட்டுங்கறான். தட்டைக் கழட்டுனா அணைஞ்சிடுது. நீலமா எரியறதைப் பாத்தாத்தான் கைய பையில விடறான். அதான் ஸ்விட்சை அமுக்கி வெச்சேன். தொழில்ல எல்லாரும் பண்றதுதான்." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வீட்டுக்குக் கொண்டு வரும்போது எடுக்க மறந்துட்டேன். அவ்வளவுதான். கடையில மூணு மாசம் எரிஞ்சது, எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"கடையில அது எங்க இருந்துச்சு?"

"கண்ணாடி அலமாரிக்குள்ள."

"அந்தக் கண்ணாடிதான் உங்க கண்ணைக் காப்பாத்தியிருக்கு. இந்த வெளிச்சம் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டாது. இங்க நடுவுல எந்தக் கண்ணாடியும் இல்லங்க. ஒரு முழம் தள்ளிக் குழந்தை மூஞ்சிதான் இருந்துச்சு."

அவன் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பேசியபோது குரல் வேறாக இருந்தது. விலை பேசும் குரல்.

"டாக்டர் என்ன சொன்னாங்க? ஆறிடும்னுதானே?"

"நிறுத்துனா ஆறிடும்."

"நிறுத்தியாச்சுல்ல? நான் இன்னைக்கே புது மெஷின் கொண்டாந்து வெச்சிடறேன். சத்தமில்லாம முடிஞ்சிடும். மருந்து ஒத்துக்கலன்னு அவ நினைச்சா நினைச்சிட்டுப் போகட்டும்."

"அப்ப பழி என் தலையில."

"உன் தலை தாங்கும். என் கடை தாங்காது."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். பெரியவள் அந்த வாக்கியத்தை உள்ளே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தாங்கும்தான். குழந்தைக்கு ஆறிவிடும்; ஒரு மாதத்தில் சின்னவளும் மறப்பாள், அல்லது மறக்காமல் பேசுவாள். குடும்பம் என்றால் யாராவது ஒருவர் எதையாவது மென்று விழுங்கவேண்டியதுதான். கிட்டத்தட்டத் தலையாட்டியே இருப்பாள்.

"டெமோவுக்கு எத்தனை பிரிச்சு வெச்சிருந்தீங்க?"

"ரெண்டு."

"இன்னொண்ணு?"

அவன் கொடியில் காயும் துணியைப் பார்த்தான். "அது வித்தாச்சு."

*

கூடத்தில் துணிப்பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது.

சின்னவள் வெளியூர் போகிற சேலையில் இருந்தாள். பட்டாணிக்குத் தலையில் தொப்பி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. மாமியார் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள்.

"எங்கம்மா வீட்டுக்குப் போறேன். கண்ணு தெளிஞ்சதும் வர்றேன். மாமா, அந்த மெஷினை மட்டும் வண்டியில ஏத்திக் குடுத்துடுங்க. அது இல்லாம இவ தூங்க மாட்டா."

பெரியவன் திடுக்கிட்டான். "அதை... அதை விட்டுட்டுப் போம்மா. சர்வீஸ் பண்ணணும். வேற குடுத்து விடறேன்."

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு?" சின்னவளின் பார்வை அவனிடமிருந்து மெல்ல நகர்ந்து பெரியவள்மேல் வந்து நின்றது. "ஓ. உங்க வீட்டுக்காரம்மா சொன்னாங்களா? அவர் ஊர்ல இல்லாத நேரம், எங்களுக்குன்னு குடுத்த ஒரு பொருளையும் திருப்பி வாங்கிடச் சொல்லி?"

பெரியவன் மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. நீயே ஏதாவது சொல்லிச் சமாளி என்கிற உத்தரவும் இருந்தது.

பெரியவள் சமையலறை மேசைக்குப் போனாள். கையிலிருந்ததை அதன்மேல் வைத்தாள்.

"மருந்து இல்ல. இதுதான்."

"இது என்ன?"

"அந்தப் பெட்டிக்குள்ள கிருமி கொல்ற விளக்கு ஒண்ணு இருக்கு. அது வெளியில தெரியவே கூடாது. ஒரு தட்டு போட்டு மறைச்சிருப்பாங்க, தட்டை எடுத்தா தானா அணைஞ்சிடும். இதுல தட்டை எடுத்துட்டு, அணையாம இருக்க இதைச் சொருகியிருக்கு. பட்டாணி பாத்த நீலப்பூச்சி அதுதான். டாக்டர் சொன்ன வெல்டிங் வெளிச்சமும் அதுதான்."

மாமியார் எழுந்து வந்து அட்டையைக் கையில் எடுத்தாள். "இது நம்ம கடை அட்டையாச்சே." மடிப்பை நிமிர்த்திப் பார்த்தாள். பிறகு குனிந்து மேசைக் காலுக்கடியில் இருந்த அட்டையைப் பார்த்தாள். நிமிரும்போது அவள் மகனைப் பார்க்கவில்லை.

அதற்குமேல் யாரும் எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

"தெரிஞ்சேவா மாமா?" சின்னவளின் குரல் கீழே இறங்கியிருந்தது.

"இல்லம்மா. சத்தியமா. எடுக்க மறந்துட்டேன்."

"சரி. இப்ப சர்வீஸ்னு சொன்னீங்களே, அப்ப தெரியும்தானே?"

சின்னவள் துணிப்பெட்டியின் கைப்பிடியை விட்டாள். கொண்டையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெரியவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"அக்கா, இதுவும் அதானா?"

அறுபத்தாறு மணி நேரத்துக்குப் பிறகு வந்த முதல் 'அக்கா'.

"அதுதான். வலிக்குதா?"

"எரியுது."

பெரியவள் ஈரத்துணியை எடுத்து அந்தச் சிவப்பின்மேல் வைத்தாள். வைத்த கையை எடுக்காமலே கணவன் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு டெமோ பீஸ்னு சொன்னீங்க. ஒண்ணு இங்க. இன்னொண்ணை வித்துட்டேன்னு சொன்னீங்க."

"ஆமா."

"என்னைக்குங்க நீங்க டெமோ பீஸை வெளியாளுக்கு வித்திருக்கீங்க?"

ஃபிரிட்ஜ் ஒருமுறை உறுமி அடங்கியது. மாமியார் மிக்ஸியைப் பார்த்தாள், விசிறியைப் பார்த்தாள். "அதானே. அவன் விக்க மாட்டான். நம்ம ஆளுங்க யாருக்காவதுதான் குடுப்பான்."

"யாருக்குக் குடுத்தீங்க?"

பெரியவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். முழங்கையை மேசைமேல் ஊன்றினான்.

"உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னு நான்தான் அவர்கிட்டச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்காரி, ஏன் எதுக்குன்னு நூறு கேள்வி கேப்பான்னு. ஆப்பரேஷன் ஆன கண்ணு, தூசி படக் கூடாதுன்னு நல்லதுக்குத்தான்..."

"யார்கிட்டச் சொன்னீங்க?"

"ஞாயித்துக்கிழமை நானே கொண்டு போய், நானே பிளக்கை மாட்டிட்டு வந்தேன்," என்றான் பெரியவன். "உங்கப்பா கட்டில் பக்கத்துல."